சி.டி.சி. 3.6 லட்சம், கைக்கு வருவது 24,500: புனேவில் முதல் வேலை, முதல் சேமிப்பு – எங்கிருந்து தொடங்குவது?

மாதக் கடைசி நாள். ஹிஞ்சவடியில் மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறீர்கள். போனில் மெசேஜ் வருகிறது: சம்பளம் கிரெடிட் ஆகிவிட்டது, 24,479 ரூபாய். ஆஃபர் லெட்டரில் 3.6 லட்சம் என்று பார்த்த அன்று மனக்கணக்கில் வந்தது மாதம் 30,000. மீதி 5,521 ரூபாய் எங்கே போச்சு?

சாப்பிட்டு முடிப்பதற்குள் அடுத்தடுத்து கேள்விகள் வரும். ஊருக்கு எவ்வளவு அனுப்புவது? கூட வேலை பார்ப்பவர் எஸ்.ஐ.பி. போடுகிறாராம், நானும் போடணுமா? பக்கத்து டீமில் இரண்டு பேரைக் காணோமே, என் வேலை நிலைக்குமா? இந்த வேலை எனக்குச் சரிதானா?

பணத்தைப் பற்றிய கேள்வியும் வேலையைப் பற்றிய கேள்வியும் வேறு வேறு மாதிரி தெரியும். முதல் இரண்டு வருஷத்தில் இரண்டும் ஒன்றுதான். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

5,521 ரூபாய் எங்கே போனது?

சி.டி.சி. என்பது உங்கள் சம்பளம் அல்ல. உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. 3.6 லட்சம் பேக்கேஜில் அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொண்டு ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம்:

- நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு: 1,800 ரூபாய்
- கிராஜுவிட்டிக்கான ஒதுக்கீடு, அடிப்படையில் 4.81 சதவீதம்: 721 ரூபாய்
- மாதாமாதம் வராத வேரியபிள் பே: 1,000 ரூபாய்
- உங்கள் பி.எஃப். பங்கு: 1,800 ரூபாய்
- தொழில்வரி: 200 ரூபாய்

மொத்தம் 5,521. சில நிறுவனங்கள் குழு மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தையும் சி.டி.சி.க்குள் சேர்த்துவிடும். உங்கள் பே ஸ்லிப்பில் எண்கள் மாறலாம், தலைப்புகள் ஏறக்குறைய இவைதான்.

தொழில்வரி பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் இதை அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சி அமைப்பு வசூலிக்கும். மகாராஷ்டிராவில் மாநில அரசு மாதாமாதம் பிடிக்கும்: 200 ரூபாய், பிப்ரவரியில் மட்டும் 300, ஆண்டுக்கு 2,500. மாதச் சம்பளம் 25,000 வரை உள்ள பெண்களுக்கு இந்த வரி கிடையாது. அந்த வரம்புக்குள் இருந்தும் பிடித்திருந்தால் எச்.ஆர்.-இடம் கேளுங்கள்.

இந்தப் பட்டியலில் வருமான வரி இல்லை என்பதைக் கவனித்தீர்களா? 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி கட்டவேண்டியதில்லை. சம்பளக்காரர்களுக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவும் சேர்வதால் 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வரி பூஜ்யம். இதை நினைவில் வையுங்கள். பாலிசி விற்க வருபவரிடம் உதவும்.

புதிய தொழிலாளர் சட்டம் வந்துச்சே, கையில் வர்ற பணம் குறையுமா?

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. உங்களைத் தொடும் விஷயங்கள் நான்கு.

முதலாவது, 'ஊதியம்' என்பதன் விளக்கம். அலவன்ஸ்கள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கணக்கில் வரும். அடிப்படையை வேண்டுமென்றே குறைத்து வைத்த பேக்கேஜ்களில் கிராஜுவிட்டிக்கான தொகை கூடும். பி.எஃப். சட்டப்படியான 15,000 ரூபாய் உச்சவரம்பில் பிடிக்கப்பட்டு வந்தால், அதனால் கைக்கு வரும் பணம் குறையாது என்று மத்திய தொழிலாளர் அமைச்சகம் விளக்கம் தந்திருக்கிறது.

இரண்டாவது, கிராஜுவிட்டி. "இனிமே ஒரு வருஷம் வேலை பார்த்தாலே எல்லாருக்கும் கிராஜுவிட்டி" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது பாதி உண்மை. ஒரு வருட விதி குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களுக்குத்தான். நிரந்தர ஊழியர்களுக்குப் பழைய ஐந்தாண்டுதான்.

மூன்றாவது, எல்லா ஊழியருக்கும் நியமனக் கடிதம் தரவேண்டும். நான்காவது, நீங்களே விலகினாலும் அவர்கள் நீக்கினாலும், சேரவேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தரவேண்டும். ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்டுக்கு 45 நாள், 60 நாள் என்று காத்திருந்த சீனியர்களைக் கேட்டால் இதன் அருமை தெரியும்.

வேலை நிலைக்குமா? புனேவில் நடந்தது என்ன?

இந்தப் பயம் கற்பனை இல்லை. 2025 ஜூனில் டி.சி.எஸ். ஒரு புதிய கொள்கையைக் கொண்டுவந்தது. ஊழியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 225 நாட்கள் வாடிக்கையாளருக்கு பில் போடக்கூடிய வேலையில் இருக்கவேண்டும். பெஞ்சில் இருக்கும் காலம் 35 நாட்களைத் தாண்டக்கூடாது. அடுத்த மாதமே, மொத்த ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரை அந்த நிதியாண்டில் குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மூத்த பதவிகளில் இருப்பவர்கள் என்றது நிறுவனம்.

புனேவைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.டி. ஊழியர் அமைப்பான நைட்ஸ், புனேவில் மட்டும் சுமார் 2,500 பேர் ராஜினாமா செய்ய நெருக்கப்பட்டார்கள் என்று மகாராஷ்டிர முதல்வருக்குக் கடிதம் எழுதியது. நிறுவனம் அதை மறுத்தது. தகவல் தவறானது, பாதிக்கப்பட்டவர்கள் குறைவுதான் என்றது. அதே ஆண்டு பிப்ரவரியில் இன்ஃபோசிஸின் மைசூரு வளாகத்தில் பயிற்சியில் இருந்த 300-க்கும் மேற்பட்ட ஃப்ரெஷர்கள் வெளியேற்றப்பட்டபோதும் நைட்ஸ்தான் மத்திய அரசிடம் புகார் கொண்டுபோனது. உள்மதிப்பீட்டுத் தேர்வில் தேர்ச்சி பெற மூன்று வாய்ப்புகள் தரப்பட்டதாக இன்ஃபோசிஸ் சொன்னது.

வேலை போவது ஒரு பக்கம். வேலையில் இருப்பதே தாங்க முடியாமல் போவது இன்னொரு பக்கம். 2024 ஜூலையில், புனேவில் வேலைக்குச் சேர்ந்து நான்கே மாதமான 26 வயது சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் ஒருவர் உயிரிழந்தார். அவருடைய அம்மா நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதம் செப்டம்பரில் வெளியானது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் தானாக முன்வந்து விஷயத்தைக் கையில் எடுத்தது. வேலைப்பளுதான் காரணம் என்பதை நிறுவனம் ஏற்கவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தைப் படித்த பலரும் தங்கள் முதல் வேலையைத்தான் நினைத்துப் பார்த்தார்கள்.

இங்கே சட்டத்தில் ஒரு முக்கியமான நுணுக்கம் இருக்கிறது. ஆட்குறைப்பு என்றால், சட்டம் சொல்லும் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருபவருக்கு, ஓராண்டு முடித்திருந்தால், வேலை பார்த்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகக் கிடைக்கவேண்டும். சாஃப்ட்வேர் ஊழியர் அந்த வரையறைக்குள் வருவாரா என்பது அவர் செய்யும் வேலையின் தன்மையைப் பொறுத்தது. ஆனால் "நானே விலகுகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தக் கேள்வியே எழாது. எனவே எந்த மீட்டிங் அறையிலும் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். "மெயில்ல அனுப்புங்க, படிச்சுட்டு சொல்றேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

அப்படிச் சொல்ல தைரியம் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் பேங்க் பேலன்ஸிலிருந்து.

அப்போ முதல் சேமிப்பு எதுக்கு?

முதல் சேமிப்பைப் பணக்காரர் ஆவதற்கான வழியாகப் பார்க்காதீர்கள். வேண்டாம் என்று சொல்வதற்கும், இரண்டு மாதம் காத்திருப்பதற்குமான காசு அது.

இந்த ஊரிலேயே ஒரு கதை உண்டு. 1981-ல் நாராயண மூர்த்தியும் ஆறு சகாக்களும் இன்ஃபோசிஸைத் தொடங்கியது புனேவில்தான். அதற்கான 10,000 ரூபாய், சுதா மூர்த்தி கணவருக்குத் தெரியாமல் சேர்த்து வைத்திருந்த அவசரகாலப் பணம். பேட்டிகளில் அவர் தவறாமல் சேர்த்துச் சொல்வது: கையில் 10,250 இருந்தது, 250-ஐத் தனக்கென்று வைத்துக்கொண்டார். கம்பெனி தொடங்குகிற கணவருக்குக் கொடுக்கும்போதுகூட எல்லாவற்றையும் கொடுத்துவிடவில்லை.

உங்கள் 24,500-க்கு வருவோம். வாகடில் பகிர்ந்த ஃப்ளாட்டில் உங்கள் பங்கு வாடகை, சாப்பாடு, பயணம், போன், கல்விக் கடன் இருந்தால் அதன் தவணை எல்லாம் சேர்த்து 16,000 என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கு 3,500. சேமிப்பு 4,000. கையில் மிஞ்சுவது 1,000. இறுக்கமான கணக்குதான், மறுக்கவில்லை. ஆனால் இதே வேகத்தில் 12 மாதம் போனால் 48,000 சேரும். அது சரியாக மூன்று மாத அத்தியாவசியச் செலவு. நீங்கள் அனுப்பும் 3,500-ஐ நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது என்றால் அதையும் சேர்க்கவேண்டும். இலக்கு 58,500 ஆகும். 15 மாதம் பிடிக்கும்.

4,000 முடியவில்லையா? 1,500-ல் தொடங்குங்கள். சம்பளம் வந்த மறுநாளே தனிக் கணக்குக்குப் போய்விட வேண்டும். மாதக் கடைசியில் மிச்சம் பிடிக்கலாம் என்றால் மிச்சம் இருக்காது.

எங்கே வைப்பது? யு.பி.ஐ. இணைக்காத ஒரு சேமிப்புக் கணக்கு, ரெக்கரிங் டெபாசிட், தேவைப்பட்டால் உடைக்கக்கூடிய ஃபிக்ஸட் டெபாசிட் – இவை போதும். வங்கி திவாலானாலும் ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியோடு 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. இந்தப் பணத்தின் வேலை வளர்வது இல்லை. கேட்டவுடன் கையில் வருவது.

வீட்டு அட்வான்ஸும் உங்கள் சேமிப்புதான் என்பதை மறக்காதீர்கள். மகாராஷ்டிராவில் 'லீவ் அண்ட் லைசென்ஸ்' ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், பதிவும் செய்யவேண்டும். பதிவு செய்யும் பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது. பதிவில்லாமல் தகராறு வந்தால், மாறாக நிரூபிக்கப்படும்வரை வாடகைக்கு இருப்பவர் சொல்லும் நிபந்தனைகளே சரியென்று கொள்ளப்படும். ஊரில் பழகிய மாதிரி வாய் வார்த்தையில் விட்டுவிட வேண்டாம்.

பி.எஃப். இருக்கே, அது போதாதா?

பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தவுடன் பலருக்கும் வரும் முதல் சந்தேகம்: "என்கிட்ட 1,800 பிடிச்சாங்க, கம்பெனியும் 1,800 போடணும். ஆனா 550-தானே காட்டுது?" ஏமாற்று எதுவும் இல்லை. நிறுவனத்தின் பங்கில் 1,250 ரூபாய் பென்ஷன் திட்டத்துக்குப் போகிறது. எனவே பி.எஃப். கணக்கில் மாதம் சேர்வது 2,350, ஆண்டுக்கு 28,200. 2024-25-க்கான வட்டி 8.25 சதவீதம். இந்த வட்டி சாதாரண டெபாசிட்டில் கிடைக்காது.

ஆனால் இதை அவசரகால நிதியாக நினைக்கக்கூடாது. 2025 அக்டோபரில் பி.எஃப். அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு விதிகளை மாற்ற முடிவெடுத்தது. பணம் எடுப்பதற்கான காரணங்கள் எளிமையாகின. ஆனால் 25 சதவீதம் கணக்கிலேயே இருக்கவேண்டும் என்றும், வேலை இல்லாமல் போனால் முழுத்தொகையையும் எடுக்கக் காத்திருக்கும் காலம் இரண்டு மாதத்திலிருந்து 12 மாதம் என்றும் முடிவானது. ஐந்தாண்டு சர்வீஸ் முடியும் முன் மொத்தமாக எடுத்தால் வரியும் வரலாம். வேலை மாறும்போது பணத்தை எடுக்காமல் அதே யு.ஏ.என். எண்ணில் மாற்றிக்கொள்ளுங்கள். பென்ஷனுக்குப் பத்தாண்டு சர்வீஸ் வேண்டும். அந்தக் கணக்கும் தொடரும்.

இன்னொன்று. பி.எஃப். உறுப்பினருக்கு அதோடு சேர்ந்த காப்பீட்டுத் திட்டத்தில் அதிகபட்சம் 7 லட்சம் வரை குடும்பத்துக்குக் கிடைக்கும். நாமினி பெயர் பதிவாகியிருந்தால் வீட்டில் இருப்பவர்கள் அலைய வேண்டியிருக்காது. போர்ட்டலில் பத்து நிமிட வேலை.

எஸ்.ஐ.பி., பாலிசி, ட்ரேடிங்: யார் சொல்றதைக் கேக்கறது?

*எஸ்.ஐ.பி.:* நல்லதுதான், அவசரமில்லை. மாதம் 2,000 போட்டு, 12 சதவீதம் வளர்ச்சி என்றே வைத்துக்கொண்டால், முதல் வருடத்தில் கிடைக்கும் லாபம் சுமார் 1,600 ரூபாய். அதற்கும் உத்தரவாதம் இல்லை. அதே வருடத்தில் ஒரு புதிய திறமையால் சம்பளம் 15 சதவீதம் கூடினால் ஆண்டுக்குச் சுமார் 44,000 கூடுதலாக வரும். முதல் இரண்டு வருடம் உங்கள் பெரிய சொத்து நீங்கள்தான். மூன்று மாதச் செலவு கையில் சேர்ந்த பிறகு, ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில், கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானில், சின்னதாகத் தொடங்கலாம்.

*'டேக்ஸ் சேவிங்' பாலிசி:* ஜனவரி, பிப்ரவரியில் சித்தப்பாவின் நண்பர் போன் பண்ணுவார். "80சி-ல வரி மிச்சமாகும் தம்பி" என்பார். புதிய வரி முறையில் 80சி கழிவு கிடையாது. உங்களுக்குக் கட்டவேண்டிய வரியே இல்லை. இல்லாத வரியை மிச்சப்படுத்த 15 வருடம் பிரீமியம் கட்ட வேண்டாம். உங்களை நம்பி வீட்டில் யாராவது இருந்தால் தேவைப்படுவது சாதாரண டேர்ம் பாலிசி மட்டுமே.

*எஃப் அண்ட் ஓ:* டெலிகிராம் குழுவில் லாப ஸ்கிரீன்ஷாட் பார்த்திருப்பீர்கள். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள்: 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், இதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். இறங்கியவர்களில் 30 வயதுக்குக் கீழ் இருந்தவர்களின் பங்கு ஒரே ஆண்டில் 31-லிருந்து 43 சதவீதமாக உயர்ந்தது. நஷ்டக் கணக்கு ஸ்கிரீன்ஷாட்டில் வராது.

*கிரெடிட் கார்டு:* முழு பில்லையும் தேதிக்குள் கட்டினால் பிரச்சினை இல்லை. 'மினிமம் டியூ' மட்டும் கட்டினால்தான் சிக்கல். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 20,000 பாக்கிக்கு வட்டி 700, அதன்மேல் ஜி.எஸ்.டி. 126, மொத்தம் 826. உங்கள் கணக்கில் மாதம் மிஞ்சும் 1,000 ரூபாயில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும்.

*மருத்துவக் காப்பீடு:* கம்பெனி கார்டு வேலை இருக்கும்வரைதான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. அவசரகால நிதி சேர்ந்ததும் அடுத்த படி இதுவாக இருக்கலாம். முதல் 30 நாளும், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டும் காத்திருப்புக் காலம் உண்டு. வேலை போன மறுநாள் எடுத்தால் உடனே உதவாது என்பதற்காகத்தான் இதை முன்கூட்டியே சொல்கிறோம்.

சரி, இந்த வேலையில இருக்கலாமா, மாறலாமா?

இதற்குப் பொதுவான பதில் இல்லை. ஆனால் மூன்று கேள்விகளைப் பிரித்துக் கேட்டுக்கொள்ளலாம். வேலை கற்றுத் தருகிறதா? உடம்பையும் தூக்கத்தையும் கெடுக்கிறதா? வெளியே போனால் எத்தனை மாதம் தாங்குவேன்? முதல் கேள்விக்கு 'இல்லை' என்றால் தயாராகத் தொடங்குங்கள். இரண்டாவதுக்கு 'ஆம்' என்றால் காத்திருக்காமல் வீட்டிலும் மருத்துவரிடமும் பேசுங்கள். எந்தச் சி.டி.சி.யும் அதைவிடப் பெரிசில்லை.

கிளம்பும் முன் இரண்டு காகிதங்களைப் படியுங்கள். ஒன்று, நோட்டீஸ் பீரியட். பல ஐ.டி. நிறுவனங்களில் 90 நாள். முன்னதாகக் கிளம்பினால் அந்த நாட்களுக்கான தொகையைப் பிடிப்பார்கள். இரண்டு, பாண்ட். "பாண்டெல்லாம் கோர்ட்ல நிக்காது" என்று நண்பர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். 2025 மே மாதம், மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் என்று ஒரு பொதுத்துறை வங்கி போட்டிருந்த பாண்ட் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒவ்வொரு பாண்டும் அதன் நிபந்தனைகளைப் பொறுத்தது. படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதே பாதி பாதுகாப்பு.

இந்த மாதமே செய்ய ஐந்து வேலை

1. ஆஃபர் லெட்டர், நியமனக் கடிதம், பே ஸ்லிப்புகளை உங்கள் சொந்த மெயிலில் சேமித்து வையுங்கள். ஆபீஸ் லாகின் போனால் இவையும் போய்விடும். கம்பெனியின் வேலை ஃபைல்களைத் தொடாதீர்கள்.
2. யு.ஏ.என். ஆக்டிவேட் செய்து, பாஸ்புக்கைப் பார்த்து, நாமினியைப் பதிவு செய்யுங்கள்.
3. சம்பள மறுநாளுக்கு ஒரு ஆட்டோ டிரான்ஸ்ஃபர் போடுங்கள். தொகை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.
4. கிரெடிட் கார்டு, 'இப்போ வாங்கு, அப்புறம் கட்டு' பாக்கி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். அதிக வட்டியை முதலில் அடையுங்கள்.
5. வீட்டில் கணக்கைச் சொல்லுங்கள்.

ஐந்தாவதுதான் கஷ்டம். ஊரில் 3.6 லட்சம் என்று சொல்லியாகிவிட்டது. 24,500 என்று எப்படிச் சொல்வது? சொல்லிவிடுங்கள். "மாசம் இவ்வளவு வருது, இவ்வளவு அனுப்புறேன், இவ்வளவு எனக்குன்னு எடுத்து வைக்கிறேன்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினால், அடுத்த பொங்கலுக்கு ஃப்ரிட்ஜ் வாங்க கார்டைத் தேய்க்க வேண்டியிருக்காது. நாளை வேலையில் ஏதாவது ஆனாலும், அதை முதலில் சொல்லக்கூடிய இடமாக வீடு இருக்கும்.